பெஞ்சு கோல் காத்த ஞாயிறு

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. மைதானத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் அவர் பெஞ்சு. பெரியவர்களுக்கு வெறும் பெஞ்சு, சின்னவர்களுக்குப் பெஞ்சு அண்ணன். அவர் மனைவிகூட ஒருமுறை கோபத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. பழைய கால்பந்து கிளப்பில் பன்னிரண்டு வருஷம் மாற்று கோல்கீப்பராக எல்லைக்கோட்டோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் மனிதர். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் லீக் ஆட்டம் எதிலாவது, ஒரே ஒரு நிமிஷமாவது, கோலுக்கு முன்னால் நின்றாரா என்றால் இல்லை. மற்ற இடத்து ஆட்டக்காரன் என்றால் பரவாயில்லை. ஓடி ஓடி மூச்சு வாங்கினால் அவனை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வேறொருவனை உள்ளே அனுப்புவார்கள். கோல்கீப்பருக்கு ஏது களைப்பு? அவன் கையைக் காலை உடைத்துக்கொண்டால்தான் மாற்றுக்காரனுக்கு வாழ்வு. பழைய கிளப்பின் முதல் கோல்கீப்பரை நெட்டை என்பார்கள். அந்த நெட்டை இருக்கிறானே, அவன் உடம்பை இரும்பில் வார்த்து அனுப்பியிருந்தார்கள். மழையில் நனைவான், சேற்றில் புரள்வான், எதிராளியின் முட்டி வந்து நெஞ்சில் இடிக்கும், எழுந்து உதறிக்கொண்டு பந்தைக் கேட்பான். ஒரு தும்மல் வராது. 'ஒருநாள், ஒரே ஒருநாள் இவனுக்குக் காய்ச்சல் வராதா' என்று பெஞ்சு மனசுக்குள் நினைத்ததுண்டு. நினைத்த மறுநிமிஷமே குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்னும். ஆட்டம் முடிந்ததும் அவனுடைய தோளைப் பிடித்துவிடப் போய்விடுவார்.

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கிளப்பில் எல்லோருமே அப்படித்தான். வாரத்தில் ஆறு நாள் ஒரு வேலை, சாயங்காலம் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கிளப் கொடுப்பது வண்டிச் செலவுக்கும் காலணிக்கும் சரியாகப் போகும். பெஞ்சின் வேலை அடுக்குமாடிக் கட்டடங்களில். லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு, தலைக்கு மேலே இருட்டும் காலுக்குக் கீழே இருட்டுமாக, கதவுச் சக்கரத்துக்கு எண்ணெய் விடுவார், தேய்ந்த ரோலரை மாற்றுவார். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே இருப்பார். "பயப்படாதீங்க, காத்து வரும், இது கீழ விழாது, உங்க வீட்ல இன்னிக்கு என்ன சமையல்?" என்று அவர் பேசுகிற பேச்சில், மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்த பிறகும் வெளியே வராமல் நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். காத்திருப்பவர்களின் மனசு அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் இருக்குமா?

கல்யாணமான புதிதில் மனைவி, "நானும் ஆட்டம் பாக்க வர்றேங்க" என்றாள்.

"நான் எறங்கற அன்னிக்குச் சொல்றேன். அப்ப வா" என்றார்.

சொல்லவே இல்லை. மகள் பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். பள்ளித் தோழி ஒருத்தி, "உங்கப்பா எந்த எடத்துல ஆடுவாரு?" என்று கேட்டதற்கு, "எங்கப்பா ஆட மாட்டாரு, உக்காருவாரு" என்று பதில் சொன்னாள் மகள். குழந்தை பொய்யா சொன்னது? பெஞ்சு விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் குளியலறைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

காலம் கனிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நெட்டையைப் பெரிய கிளப் ஒன்று கூப்பிட்டுக்கொண்டது. பழைய கிளப்பின் மேலாளர் பெஞ்சின் முதுகில் தட்டி, "அடுத்த சீசன் நீதான்யா நம்பர் ஒன்" என்றார். பெஞ்சுக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கையுறை வாங்கினார். அது கைக்குப் படிய வேண்டும் என்று வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு தண்ணீர் டம்ளரைத் தூக்கப் போய் இரண்டை உடைத்தார். மனைவி திட்டவில்லை, அன்றைக்கு வீட்டில் அவ்வளவு சந்தோஷம்.

சீசன் தொடங்குவதற்குள் மைதானத்துக் கதவில் பூட்டுத் தொங்கியது. கிளப்பை நடத்திய ஆலைக்காரர் ஆலையை விற்றுவிட்டார். விற்பது அவர் இஷ்டம், யார் கேட்டது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! கிளப்பின் பெயர், நீலச் சட்டை, கண்ணாடி அலமாரியில் இருந்த கோப்பைகள் என்று எல்லாவற்றையும் ஆலையோடு சேர்த்துக் கைமாற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். வாங்கியவனுக்குப் பந்து உருண்டையா சதுரமா என்றுகூடத் தெரியாது. நாசமாய்ப் போக! முப்பது பேர் பூட்டைப் பார்த்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றார்கள். ஒருவன் அழுதான், ஒருவன் கதவை உதைத்தான். பெஞ்சு இரண்டும் செய்யவில்லை. கையுறையைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போனார். அன்றைக்கு லிஃப்டுக்குள் மாட்டிய ஒருவரிடம் பேச வாய் வரவில்லையாம் அவருக்கு.

இரண்டு வருஷம் அப்படியே போனது. வீட்டு வண்டி நிறுத்துமிடத்தில் மகள் உதைப்பாள், அவர் பிடிப்பார். அவ்வளவுதான் பந்து.

பிறகு டயர்க்கடை அண்ணன் கிளம்பினார். பழைய கிளப்பில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக இருந்து, முட்டி தேய்ந்து, பஞ்சர் ஒட்டும் கடை வைத்தவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். "அந்தாளு பூட்டிட்டா நமக்குக் காலு இல்லாம போயிடுச்சா?" என்று வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். அவர் கடையில், அடுக்கி வைத்த டயர்களின் மேல் உட்கார்ந்து, ஆட்டக்காரர்களும் ரசிகர்களுமாகக் கூடிப் புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். முதலாளி கிடையாது, எல்லோரும் உறுப்பினர். பழைய பெயர் வைக்க முடியாது, வேறு பெயர் வைத்தார்கள். நீலம் போட முடியாது, மஞ்சள் போட்டார்கள். பழைய வெற்றிகள் கணக்கில் வராது, லீக்கின் கடைசிப் பிரிவில்தான் இடம். எல்லாமே முதலிலிருந்து. டயர்க்கடை அண்ணனே பயிற்சியாளர்.

பழைய கிளப்பிலிருந்து எடுத்துவர முடிந்தது ஒரே ஒரு பழக்கம். அதற்கு ஆலைக்காரர் பூட்டுப் போட முடியவில்லை. அந்தக் கிளப்பில் யார் கோல் அடித்தாலும் நேரே எல்லைக்கோட்டோரப் பெஞ்சுக்கு ஓடுவார்கள். மாற்று ஆட்டக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். முதல் கட்டிப்பிடி மாற்று கோல்கீப்பருக்கு. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எப்போதோ ஒருநாள் பெஞ்சு மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடிப்போய் ஒருவனைக் கட்டிப்பிடித்தார், அன்றைக்கு ஜெயித்தார்கள், அதிலிருந்து அப்படியே நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் கிளப் போட்ட கோல்கள் எல்லாம் பெஞ்சின் நெஞ்சைத் தொட்டுவிட்டுத்தான் போயின. சும்மா சொல்லக்கூடாது, அவரைப் போல அடுத்தவன் போட்ட கோலுக்குச் சந்தோஷப்படுகிற ஆளைப் பார்க்கவே முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து எம்பி, எல்லைக்கோட்டைத் தாண்டி, கையை விரித்துக்கொண்டு ஓடுவார். புதுக் கிளப்பிலும் அதே பழக்கம் தொடர்ந்தது.

ஆம், புதுக் கிளப்பிலும் அவர் பெஞ்சில்தான். 'இந்தத் தடவையாவது' என்று நம்பி வந்தவருக்கு முன்னால், அணித் தேர்வு நாளன்று கூரியர் கொடுக்கிற இளைஞன் ஒருவன் வந்து குதித்தான். அவன் பாய்ந்து பிடித்த பிடியைப் பார்த்துப் பெஞ்சே கைதட்டிவிட்டார். கைதட்டிய பிறகுதான் தன் இடம் போவதற்குத் தானே தட்டுகிறோம் என்று உறைத்தது. டயர்க்கடை அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து விஷயத்தைச் சொன்னார். பெஞ்சு "சரிண்ணே" என்றார்.

"சரின்னு சொல்லத்தான் தெரியும் உங்களுக்கு" என்று வீட்டில் மனைவிதான் குமுறினாள். "அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல. உங்க மேலதான் கோவம். ஒரு நாளாவது 'எனக்குக் குடுங்க'ன்னு வாய் தொறந்து கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. அவருக்கு முப்பத்தெட்டு வயது முடிந்துகொண்டிருந்தது. இந்த சீசன் போனால் அப்புறம் கேட்கவும் வழியில்லை என்று அவருக்கே தெரியும். ஒரு தடவை, லீக் ஆட்டத்தில், அவளும் மகளும் பார்க்க, கோலுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவருடைய ஆசை இவ்வளவுதான்.

சீசன் பாதியில் ஒருநாள் அவர் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று ரோலர் மாற்றிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து ஒரு குரல் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி முழங்கியது.

"பெஞ்சு! டேய் பெஞ்சு! கீழ எறங்கி வாடா!"

"லிஃப்ட்டு ஓடலண்ணே. நீங்க படியேறி வாங்க."

"அஞ்சு மாடிடா! முட்டி போயிடும்!"

"அப்ப அங்கருந்தே சொல்லுங்க."

டயர்க்கடை அண்ணன் அங்கிருந்தே சொன்னார். ஐந்து மாடிக்கும் கேட்டது. கூரியர்காரன் ஈரத்தெருவில் வண்டியோடு சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். மாவுக்கட்டு. "ஞாயித்துக்கெழம நீ நிக்கற. ஒழுங்கா நின்னன்னா, அவன் கை கூடி வர்ற வரைக்கும் நீதான். சொதப்பினன்னா வேற ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான், அவனக் கூப்புடணும். மனசுல வச்சிக்காத. கிளப்பு எல்லாரோடதும்டா, எனக்கு வேற வழியில்ல. காதுல விழுதா?"

விழுந்தது. ஸ்பேனர் கையிலேயே இருந்தது. வழக்கம் போலச் "சரிண்ணே" வரவில்லை.

"டேய், உயிரோட இருக்கியா?"

"இருக்கேண்ணே" என்றார் பெஞ்சு. மூன்றாவது மாடிக் கதவிடுக்கில் ஓர் அம்மாள், "நல்லா ஆடுங்க தம்பி, லிஃப்ட்ட மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். அவள் மருந்துக் கடையில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றின செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஞாயித்துக்கெழம வர்றியா?" என்றார்.

"நெசமாவா?"

"ஆமா. எறங்கறேன்."

அவள் செருப்பைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். "இதுக்கு எதுக்கு அழற?" என்று கேட்டுக்கொண்டே அவரும் அழுதார். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எதிரணி பேருந்துப் பணிமனைக்காரர்கள். எல்லாம் ஆறடி, பிரேக் போட்டாலும் நிற்காத ஆட்கள். பெஞ்சு மஞ்சளில் இல்லாமல், கோல்கீப்பருக்கு உரிய பச்சைச் சட்டையில் வந்தார். பச்சைச் சட்டை பழைய கிளப்பிலும் அவர் போட்டதுதான், ஆனால் மேலே எப்போதும் ஒரு குளிருடுப்பு இருக்கும். அது இல்லாமல் பார்த்ததும் பார்வையாளர் பக்கத்தில் ஒரே கூச்சல். "அடேய், பெஞ்சு எந்திரிச்சிடுச்சுடா!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. மனைவியும் மகளும் அவருடைய கோலுக்குப் பின்னாலேயே, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

முதல் பத்து நிமிஷம் அவருடைய கால் அவருடையதாக இல்லை. முதல் கோல் கிக்கை உதைத்தார், அது பணிமனைக்காரன் காலுக்கே போனது. நல்லவேளை, அவன் அதைவிட மோசமாக உதைத்தான். பிறகு ஒரு பந்து தாழ்வாக, வேகமாக, வலது கம்பத்தை ஒட்டி வந்தது. பெஞ்சு விழுந்தார். பந்து கையுறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. உடனே, "சபாஷ்! என்னா பிடிடா!" என்று பலமாக ஒரு குரல் கேட்டது. அது அவருடைய குரலேதான். இத்தனை வருஷமும் பெஞ்சிலிருந்து கத்திக் கத்திப் பழகிய வாய், தன்னைத்தானே பாராட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற தடுப்பாட்டக்காரரான கறிக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு பெஞ்சுக்கு உதறல் போய்விட்டது. அதற்கப்புறம் வந்த பந்தையெல்லாம் பிடித்தார், குத்தினார், தட்டிவிட்டார். டயர்க்கடை அண்ணன் எல்லைக்கோட்டில் நின்று ஒன்றுமே திட்டவில்லை, அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தெரியாது.

முதல் பாதி முடியப் போகிற நேரம், மூலை உதையில் பந்து உயர வந்தது. மீசை என்று எல்லோரும் கூப்பிடும் அணித்தலைவன் எம்பித் தலையால் இடித்தான். கோல்!

என்ன ஆயிற்று என்று கேளுங்கள். மீசை வழக்கப்படி எல்லைக்கோட்டோரப் பெஞ்சை நோக்கி ஓடினான். மற்ற மஞ்சள் சட்டைகளும் ஓடின. இந்தப் பக்கத்துக் கோலிலிருந்து பச்சைச் சட்டை ஒன்றும் கையை விரித்துக்கொண்டு ஓடியது. கோல் விழுந்தால் ஓட வேண்டும், ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். அது அவர் உடம்பில் ஊறிப்போன விஷயம், புத்தியைக் கேட்டுக்கொண்டா கால் ஓடும்? பாதி மைதானம் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி, மீசையை முதல் ஆளாகக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். மீசைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கோல் போட்டால் பெஞ்சு கட்டிப்பிடிப்பார், அவ்வளவுதானே அவனுக்குத் தெரியும்! பிறகு மாற்று ஆட்டக்காரர் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தார். மாவுக்கட்டுப் போட்ட கூரியர்காரனைக் கட்டிப்பிடித்தார். டயர்க்கடை அண்ணனைக் கட்டிப்பிடித்தார். அண்ணனும் கண்ணை மூடிக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். மற்றவர்கள் திரும்பித் தங்கள் இடத்துக்குப் போய்விட்டார்கள். பெஞ்சு, தன் இடத்துக்கு வந்துவிட்ட நிம்மதியில், அங்கேயே நின்றார்.

நடுவட்டத்தில் பணிமனைக்காரன் பந்தை வைத்தான். எதிரே கோலைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். கண்ணைக் கசக்காத குறை. நடுவர் மஞ்சள் சட்டைக்காரர்கள் தங்கள் பாதிக்குள் இருக்கிறார்களா என்று பார்த்தார், பச்சையைத் தேடவில்லை. விசில் ஊதினார். பணிமனைக்காரன் அங்கிருந்தே ஓங்கி உதைத்தான்.

பந்து உயரே போனது. இறங்கி ஒருமுறை குதித்தது, இன்னொருமுறை குதித்தது, அப்புறம் அவசரமே இல்லாமல் உருண்டது. பெஞ்சு அதை வேடிக்கை பார்த்தார். 'யாரும் இல்லையே அங்க, எந்த மடையன் கோல விட்டுட்டுப் போனது' என்றுகூட ஒரு கணம் நினைத்தார். "டேய், நம்ம கோல்கீப்பரு எங்கடா?" என்று கறிக்கடைக்காரர் அலறினார். அப்போதுதான் பெஞ்சு தன் கையைப் பார்த்தார். இரண்டு கையிலும் கையுறை. ஓடினார். என்ன ஓடி என்ன? அவர் பெனால்டிக் கட்டத்தைத் தொடுவதற்குள் பந்து வலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒன்றுக்கு ஒன்று. மைதானமே சிரித்தது. எதிரணி சிரித்தது, நடுவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார், சொந்த ரசிகர்கள் சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார்கள். மானம் கப்பலேறிப் போனது. வலைக்குள் குனிந்து பந்தை எடுத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேரின் செருப்பு தெரிந்தது. அதற்கு மேலே அவர் பார்க்கவில்லை.

இடைவேளையில் உடை மாற்றும் அறையில் பெஞ்சு கையுறையைக் கழற்றிக் கறிக்கடைக்காரர் மடியில் வைத்தார். "நீ நில்லு. என்னால முடியாது. நான் அதுக்கு லாயக்கு இல்ல" என்றார்.

"நான் நின்னா எட்டு கோலு போவும்" என்றார் கறிக்கடைக்காரர்.

டயர்க்கடை அண்ணன் எழுந்து வந்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள், அவர் கத்தத்தான் செய்தார்.

"பன்னெண்டு வருஷமா லீக்குல ஒரு கோலுகூட விடாதவன்டா நீ! இந்த ஊர்ல எவனுக்கு இருக்கு அந்தப் பெரும? நெட்டைக்கு இருக்கா? அந்தப் பெரும அப்படியே இருக்கணும்னா கழட்டி வச்சிட்டு வீட்டுக்குப் போ. ஆடணும்னா கோலு போவும். கேவலமாவும் போவும். எது வேணும்? வாயத் தொறந்து சொல்லு. தலைய ஆட்டாத. சரிண்ணே சொன்னன்னா அடிச்சிடுவேன்."

பெஞ்சு கறிக்கடைக்காரர் மடியைப் பார்த்தார்.

"எனக்குக் குடுங்க" என்றார்.

கறிக்கடைக்காரர் தூக்கிப் போட்டார். பெஞ்சு பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் அவர் பக்கம் மாறியது. மனைவியும் மகளும் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து புதுப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். பெஞ்சு தொட்டதற்கெல்லாம் ரசிகர்கள் கேலி செய்தார்கள். "வீட்ல இருக்கியா, வெளிய போயிட்டியா?" என்று ஒருவன் கேட்டான். நடக்கட்டும். பணிமனைக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தபோது பெஞ்சு முன்னேறிப் போய் அவன் காலடியில் விழுந்து பந்தை அணைத்துக்கொண்டார். விலாவில் ஓர் உதை விழுந்தது. எழுந்து உதறிக்கொண்டார். கேலி செய்தவன், "அப்படிப் போடு!" என்றான். எதிரணி அடுத்தடுத்து உதைத்த உதைகளுக்குப் பெஞ்சு இல்லையென்றால் அன்றைக்குக் கதை கந்தலாகியிருக்கும்.

ஆட்டம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், எதிர்க்கோல் பக்கம் மஞ்சள் அணியின் மீட்டர் கணக்கெடுக்கிற தம்பி இடது ஓரமாக நழுவிப் போய் வலைக்குள் தட்டிவிட்டான். இரண்டாவது கோல்!

பெஞ்சின் கால் கிளம்பிவிட்டது. ஓர் அடி, இரண்டடி.

"அப்பா! ஓடாத!" என்று வேலிக்குப் பின்னாலிருந்து மகள் வீறிட்டாள்.

"ஓடாதீங்க!" இது மனைவி.

அவ்வளவுதான், மைதானம் மொத்தமும் பிடித்துக்கொண்டது. கோல் போட்டவனை ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் பெஞ்சைப் பார்த்து, "ஓடாதே! ஓடாதே!" என்று கத்தினார்கள். கிழவர்கள் கத்தினார்கள், குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர்கள் கத்தினார்கள், எதிரணிக்கு வந்தவர்களில் சிலர்கூடக் கத்தினார்கள். பெஞ்சு திரும்பிப் போய்க் கோல்கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். தூரத்தில் மீட்டர்காரத் தம்பி எல்லைக்கோட்டோரப் பெஞ்சை நோக்கி ஓடுவது தெரிந்தது. அங்கே ஒற்றைக் கையை விரித்துக்கொண்டு கூரியர்காரன் முதலில் வந்தான். எல்லோரும் ஒரே குவியலாக விழுந்தார்கள். இந்தப் பக்கம் யாரும் இல்லை. கம்பம் சில்லென்றிருந்தது.

நெட்டை பன்னிரண்டு வருஷமும் இப்படித்தான் நின்றிருக்கிறான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அத்தனை கோலுக்கும் அந்தக் கோடியில் அவன் தனியாகத்தான் நின்றான், ஒரு நாளும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பாவம், அவனுக்குக் கட்டிப்பிடிக்க யார் இருந்தார்கள்? ஆனாலும் அந்த இடத்தை விட்டுப் போக மனசு வரவில்லை. விலா வலித்தது, கம்பத்தை விடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. கடைசி நேரத்தில் பணிமனைக்காரன் ஒருவன் வெகு தூரத்திலிருந்து உதைத்த பந்து, கறிக்கடைக்காரர் முட்டியில் பட்டுத் திசை மாறி, மேல் மூலைக்குள் புகுந்தது. பெஞ்சு பாய்ந்தார். விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. இரண்டுக்கு இரண்டு. விசில்.

எல்லோரும் அங்கங்கே புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம். அவர் ஓடாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள், அதில் மறுபேச்சு இல்லை. மனைவி வேலியைச் சுற்றி வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். விலாப் பக்கம் சட்டையில் அப்பியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"பாத்தியா என் லட்சணத்த?" என்றார்.

"பாத்தேன்" என்றாள். "எல்லாத்தையும் பாத்தேன். எவ்வளவு சந்தோஷமா ஓடுனீங்க! எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. இவ்வளவு நாளா இதயா நான் பாக்காம இருந்தேன்?"

டயர்க்கடை அண்ணன் நொண்டிக்கொண்டு வந்தார். பெஞ்சு அவர் முகத்தைப் பார்க்காமல், "அந்த வேற ஆளையே கூப்ட்டுக்கங்கண்ணே" என்றார்.

"ரெண்டாவது கோலு எவன் நின்னாலும் போயிருக்கும்" என்றார் அண்ணன். "மொதக் கோலு, உன்னத் தவிர எவன் நின்னாலும் போயிருக்காது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "செவ்வாக்கெழம பயிற்சிக்கு நேரத்தோட வா. மத்தவனுங்களுக்கு ஓட்டம். உனக்கு மட்டும் தனியா கம்பத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கறதுக்குப் பயிற்சி." சொல்லிவிட்டு நடுவரிடம் சண்டை போடப் போய்விட்டார்.

பெஞ்சு எல்லைக்கோட்டுக்குப் போனார். ஆட்டக்காரர்கள் குடித்துவிட்டு வீசிய தண்ணீர் பாட்டில்கள் புல்லெங்கும் கிடந்தன. ஆட்டம் முடிந்ததும் அவற்றைப் பொறுக்கிக் கூடையில் போடுவது ஆடாதவர்களின் வேலை. அவர் குனிந்து ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதுக்குக் கை நீட்டும்போது ஒரு மாவுக்கட்டுக் கை குறுக்கே வந்தது. கூரியர்காரன். உடையாத கையால் அவரிடமிருந்த பாட்டில்களைப் பிடுங்கிக் கூடையில் போட்டான்.

"விடுங்கண்ணே, இது ஆடுனவங்க செய்யற வேலையா?" என்றான். "நீங்க போயி உக்காருங்க."

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே போனான். பெஞ்சு வெறுங்கையோடு நின்றார். மற்ற ஆட்டக்காரர்கள் கால் நீட்டிப் புல்லில் கிடந்த இடத்துக்குப் போய், கறிக்கடைக்காரர் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கையுறையைக் கழற்றாமலே துடைத்துக்கொண்டார்.